பாட்டுப் போடாமல் இருந்தவன் நான்தான்

செங்கல்பட்டு மாவட்டத்தில் எட்டு ஸ்பீக்கரை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சங்கிலியில் கோத்து முதன்முதலில் தொங்கவிட்டவன் நான். முப்பத்திரண்டு மைக் சொருகுகிற மிக்சரை முதலில் வாங்கி வந்தவன் நான். "இந்த மணலில் தூண் நிற்காது" என்று சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கடற்கரையில், பனங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் புதைத்து அதன்மேல் இரும்புத் தூண் நிறுத்தியவன் நான். அந்த வருடக் காற்றில் விழாப் பந்தல் பறந்தது. என் தூண் அசையவில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு, அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஒரு கூரைப் பள்ளிக்கூடத்தில். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மிக்சர் மேல் அச்சடித்திருக்கிற வார்த்தைகள் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே வெள்ளைக்காரர்களுக்கும் ஜப்பான்காரர்களுக்கும் சவுண்டு வைத்தேன். ஒருத்தரும் குறை சொல்லிவிட்டுப் போனதில்லை.

இதையெல்லாம் இன்றைக்கும் யாரும் மறுக்கவில்லை. மறுப்பது வேறொன்றை. மாமல்லபுரம் கடற்கரையில் ராக் கேட்க வந்த கூட்டத்தை மணலில் உட்கார வைத்து ஜாஸ் கேட்க வைத்தவன் நான். அதைத்தான் இன்னொருவன் தன் பேரில் எழுதிக்கொண்டான்.

நம் ஒலி-ஒளி சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லிச் செயலாளர் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அனுபவத்தை எழுதுண்ணா, புதுப் பசங்க படிப்பானுங்க என்றார். எனக்கு ஆர்வமில்லை. போன மாதம் அந்த ராக் விழாக்காரர்கள் போட்ட புத்தகம் கைக்கு வந்தது. அன்றைக்கே நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் முதலாளியைச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் நான் செய்த தப்பும் புரியாது, சரியும் புரியாது.

சாமிக்கண்ணு அண்ணன் செங்கல்பட்டில் மைக் செட் கடை வைத்திருந்தார். பதினாலு வயதில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். கூம்பு ஸ்பீக்கர் இரண்டு, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ரிக்கார்டு பெட்டி ஒன்று, எல்லாவற்றையும் ஏற்ற ஒரு மூன்று சக்கர வண்டி. பன்னிரண்டு வருடம் கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றுகிற திருவிழா. அதை இதற்குமேல் விரிக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப்பேர் அப்படித்தான் வந்தீர்கள்.

அண்ணன் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தப்பான திருகில் கை வைத்திருந்தால் பின்னால் வந்து நிற்பார். இரண்டு விரலால் என் மணிக்கட்டைத் தூக்கிச் சரியான திருகின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் இரண்டு நாள் பேச மாட்டார். அடி வாங்கியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

எந்த நிகழ்ச்சியானாலும் அவருக்கு ஒரு முறை உண்டு. எல்லாம் கட்டி முடித்ததும் மைக்கில் ஒருத்தனைப் பேசச் சொல்லிவிட்டு, கூட்டத்தின் கடைசி ஆள் எங்கே உட்காருவானோ அங்கே நடந்து போவார். அங்கே தரையில் சம்மணம் போட்டு உட்காருவார். நின்று கேட்டால் கணக்கில்லை என்பார், கேட்கிறவன் உட்கார்ந்துதானே கேட்கப் போகிறான். பிறகு திரும்பி வந்து திருகை ஒரு நகம் அளவு நகர்த்துவார். அவ்வளவுதான். இப்போது நீங்கள் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மைதானம் பூரா சுற்றுகிறீர்கள். கண்ணெல்லாம் திரையில். உங்களில் எத்தனை பேர் தரையில் உட்கார்ந்தீர்கள்?

இன்னொரு முறையும் அவர் கற்றுக் கொடுத்தார். மேடை சும்மா இருக்கக் கூடாது. தலைவர் சோடா குடிக்க நிறுத்தினாலும், அடுத்த பேச்சாளர் படி ஏறினாலும், ரிக்கார்டு ஓட வேண்டும். "சத்தம் நின்னா சனம் எழுந்து பூடும்டா ஏகா. பாட்ட போடு." முள்ளைத் தூக்கித் தட்டின் ஓரத்தில் தயாராக வைத்திருப்பேன். என் இடது கை எப்போதும் அதன் பக்கத்திலேயே இருக்கும். முள் போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி, அது போய் லேப்டாப். இடது கை மட்டும் இடம் மாறவில்லை.

அந்தக் கையால்தான் கெட்டேன்.

ராக் விழாவை நடத்தியவன் ரிஷி. சென்னைப் பையன், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், மரியாதையாகத்தான் பேசுவான். மாமல்லபுரத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பை ஒட்டிய கடற்கரையில் இரண்டு நாள் விழா. கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். முதல் வருடத்திலிருந்து சவுண்டு என்னுடையது. ராக் எனக்குப் பிடித்த வேலை. சத்தம் குறையாது, கை சும்மா இருக்காது.

மூன்றாவது வருடம் இரண்டு ராக் குழுவுக்கு நடுவில் ஒரு ஜாஸ் குழுவைப் போட்டார்கள். நாலு பேர். சாக்ஸபோன், பியானோ, ட்ரம்ஸ், வயலினை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கின மாதிரி ஒரு டபுள் பேஸ். அந்தப் பேஸை வாசித்தவர் மெர்சி மேடம். கல்பாக்கத்தில் விஞ்ஞானி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பகலில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு. அந்தப் பெரிய வாத்தியத்தை ஆம்னி வேனில் படுக்க வைத்து அவரே ஓட்டி வந்தார். இறக்க ஆள் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் அண்ணாச்சி, இது என்கிட்ட மட்டும்தான் அழாது என்றார்.

ஒத்திகை நேரம் கிடைத்தது கால் மணிதான். ட்ரம்ஸுக்கு நாலு மைக் வைத்தேன், பியானோவுக்கு இரண்டு, சாக்ஸபோனுக்கு ஒன்று. பேஸுக்குள் ஒரு சின்ன மைக்கைப் பஞ்சு சுற்றிச் செருகினேன். ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி அளவு வைத்தேன். எல்லாம் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். நன்றாக வந்தது. கடைசி ஆள் உட்காருகிற இடத்துக்கு நான் நடக்கவில்லை. நேரமில்லை என்று சாக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன், அது பொய் என்று தெரிந்தே.

வெயில் தாழ்ந்து கடல் சாம்பல் நிறமாக மாறின நேரம். முதல் இரண்டு உருப்படி ஓடியது. கூட்டம் பாதி பேசிக்கொண்டிருந்தது, பாதி பரோட்டாக் கடையில் நின்றது. மூன்றாவதில் சாக்ஸபோன்காரர் ஊதுவதை நிறுத்தி வாத்தியத்தைக் கீழே இறக்கினார். பியானோக்காரர் மடியில் கை வைத்துக்கொண்டார். ட்ரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டுத் துடைப்பம் மாதிரி ஒன்றை எடுத்து இரண்டு தடவு தடவி, அதையும் நிறுத்தினார். மிக்சரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கெல்லாம் அடங்கியது. ஸ்பீக்கரில் கடல் காற்று மட்டும் இரைந்தது. நான் நின்ற இடத்துக்கும் மேடைக்கும் நல்ல தூரம். மூன்று பேர் சும்மா நிற்பது தெரிந்தது. கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான்.

இடது கை தானாகப் போனது.

குத்துப்பாட்டு. அதுவும் முழுச் சத்தத்தில். கூட்டம் துள்ளி எழுந்தது. இரண்டு நாளில் அப்படி ஒரு ஆட்டம் அங்கே நடக்கவில்லை. அப்புறம்தான் மேடையைச் சரியாகப் பார்த்தேன். மெர்சி மேடத்தின் விரல் கம்பியில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் நின்றது அவருக்கு வழி விட்டு. அவர் தனியாக, மிக மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார், நான் வைத்த அளவில் அது காற்றைத் தாண்டி எழவில்லை. என் பாட்டுக்கு அடியில் அது யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு கையை எடுத்தார். பாட்டை நான் நிறுத்தியதும் பிள்ளைகள் "ஒன்ஸ் மோர்" என்று கத்தினார்கள். அவருக்கு இல்லை, குத்துப்பாட்டுக்கு.

சொல்லுங்கள், கோயில் வாசலில் நாதஸ்வரக்காரர் ஓய்ந்து தவில்காரர் தனியாக வாசிக்கும்போது நான் ஒருநாளாவது ரிக்கார்டு போட்டிருக்கிறேனா? கனவில்கூட இல்லை. தவில் என்றால் அறிவு இருந்தது. கோட்டு போட்டவர்கள் இங்கிலீஷ் வாத்தியத்தோடு நின்றால் அறிவு போய்விட்டது.

அவர் இறங்கி நேராக என் மிக்சருக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மேடம், ஸ்டேஜு நின்னு பூட்ச்சுன்னு நெனச்சிகினேன்" என்றேன்.

"அண்ணாச்சி, நான் வாசிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சாமிக்கண்ணு அண்ணன் மணிக்கட்டைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

ரிஷிக்கு ஒரே சிரிப்பு. ஏகாண்ணா, இந்த வருஷத்து ஹைலைட்டே உங்க பாட்டுதான் என்று முதுகில் தட்டினான். ஜாஸ் நம்ம கூட்டத்துக்கு ஒத்துவராது, அடுத்த வருஷத்திலிருந்து கிடையாது என்று அங்கேயே முடிவு சொன்னான். மெர்சி மேடம் பக்கத்தில்தான் பேஸை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. கெட்டது என்னால், தண்டனை அவருக்கு. ரிஷியின் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நாற்பது வருடத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பை ஒருத்தன் தமாஷ் ஆக்குகிறான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கம் போனேன். குடியிருப்புக்குள் ஒரு சின்ன ஹாலில் வாசிப்பார்கள். மைக் கிடையாது. கடைசிச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். நாலு மாதம் ஞாயிறு தவறாமல் போனேன். யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். ஒருத்தர் வாசிக்கும்போது மற்ற மூவரும் சும்மா நிற்பதில்லை. காலால் தட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, கேட்கிறார்கள். ட்ரம்ஸ்காரர் கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த ஹாலில் எனக்கு அது கேட்டது, ஏனென்றால் வேறு சத்தமே இல்லை.

அங்கேதான் எனக்குத் தோன்றியது. எனக்கு. ரிஷிக்கு இல்லை. இந்த வரியைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு ஜாஸில் இல்லை, கூட்டத்திலும் இல்லை. உயரமான மேடையில் ஏற்றி, ராக்குக்குக் கட்டின ஸ்பீக்கரில் ஊதித் தள்ளினால் அது யாரிடமும் போய்ச் சேராது. சாமி புறப்பாட்டில் மேளக்காரர்கள் எங்கே நின்று வாசிக்கிறார்கள்? தெருவில், சனத்துக்கு நடுவில். சனம் நெருங்கி வந்து கேட்கும். மைக் செட்டு அந்த நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கும். அது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதையே கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ரிஷியிடம் போய்ச் சொன்னேன். மேடை வேண்டாம், ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறுகிற இடைவெளியில் ஜாஸ் குழு சவுக்குத் தோப்பில் தரையில் வாசிக்கட்டும் என்றேன். இடைவெளியில் சினிமாப் பாட்டு ஓடட்டும், யாருக்கு வேணும் ஜாஸ் என்றான். நான் விடவில்லை. மூன்று முறை ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல், தோப்புல எங்கயாவது ஓரமா வெச்சிக்கோங்கண்ணா, என்னை ஆள விடுங்க என்றான். அவன் கொடுத்த அனுமதி இந்த ஒரு வாக்கியம்தான். இதைத்தான் இப்போது தொலைநோக்கு என்கிறார்கள்.

ஓரமாக வைக்கவில்லை. மேடைக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் நடுவில் சவுக்கு மரங்களுக்குள் ஒரு பாதை. வருகிற போகிற எல்லாரும் அதை மிதிக்காமல் போக முடியாது. அங்கே நாலு ஜமக்காளம் விரித்தேன். இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டே இரண்டு. பேஸுக்கு ஒரு மைக், பியானோவுக்கு ஒன்று. சாக்ஸபோனுக்கும் ட்ரம்ஸுக்கும் எதுவும் கிடையாது. மெர்சி மேடத்துக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அண்ணாச்சி, மறுபடியும் அவமானப்பட எனக்குத் தெம்பில்லை என்றார். இந்தத் தடவை பட்டால் நான் படுகிறேன் மேடம் என்று சொல்லிக் கூட்டி வந்தேன்.

நாலாவது வருட விழா, சாயங்காலம் முதல் குழு இறங்கியது. அடுத்த குழுவின் சாமான்கள் ஏற முக்கால் மணி ஆகும். வழக்கமாக அந்த நொடியே பாட்டுப் போடுவேன். அன்றைக்கு எழுந்து பெரிய ஸ்பீக்கர்களின் மெயின் சுவிட்சை அணைத்தேன். மைதானம் அடங்கியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். கடல் கேட்டது.

ரிஷி ஓடி வந்தான், பின்னாலேயே அவன் ஆட்களும்.

"அண்ணா, இன்னாண்ணா ஆச்சு? ஃபீல்டு டெட்டா கீது. பாட்ட போடுங்க."

"போட மாட்டேன்."

"கூட்டம் வெளி கேட்ட நோக்கிப் போவுதுண்ணா. வெளாடாதீங்க. அடுத்த வருஷம் உங்க செட்டு இங்க வராது, சொல்லிட்டேன்."

"வர வேணாம். சுவிட்ச தொட்ட, கைய எடுத்துடுவேன்."

அப்படித்தான் சொன்னேன். பெரிய வார்த்தைதான், மறைக்கவில்லை. அவன் ஆட்கள் பாட்டைப் போடு என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இடது கையை வலது கை பிடித்திருந்தது. நம்பவில்லை அதை.

அந்த அமைதிக்குள் தோப்பிலிருந்து சாக்ஸபோன் மெல்லிசாகக் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கழுத்தைத் திருப்பினார்கள். முதலில் சாப்பிடப் போனவர்கள் நின்றார்கள். அவர்கள் நின்றதால் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். பின்னால் இருப்பவனுக்கு மறைக்கிறது என்று முன்னால் நின்ற ஒருவன் மணலில் உட்கார்ந்தான். பிறகு வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் மிக்சரை ஒரு ஆளிடம் விட்டுவிட்டு, சாமிக்கண்ணு அண்ணன் செய்த மாதிரி, கடைசி ஆளைத் தேடி நடந்தேன். கடைசி ஆள் தோசை மாஸ்டர். அவர் கடைக்குப் பக்கத்தில் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அப்போது மூன்று பேரும் நிறுத்தினார்கள். பேஸ் மட்டும்.

"இன்னா அண்ணாத்த, அந்தம்மா தனியா வாசிச்சிகினு கீது. மத்தவங்கள்லாம் சாப்ட பூட்டாங்களா?" என்றார் மாஸ்டர்.

"இல்லய்யா. கேட்டுகினு கீறாங்க."

மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளிக்கக் கையை ஓங்கினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். என்ன நினைத்தாரோ, கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். என் வரைக்கும் ஒவ்வொரு கம்பியும் கேட்டது. முன்னால் ஒருத்தன் எதையோ சொல்லிச் சிரித்தான், அவன் கூட்டாளியே அவன் தொடையில் அடித்து வாயை மூட வைத்தான். அவர் வாசித்து முடித்தார். அப்புறம் கத்தினார்கள். "ஒன்ஸ் மோர்." போன வருடம் கத்தின அதே பிள்ளைகள்.

மெர்சி மேடம் பியானோ மைக்கைக் கிட்டே இழுத்தார். "அண்ணாச்சி, நீங்க எங்க இருந்தாலும் சரி, இப்பப் பாட்டுப் போடலாம்" என்றார். போன வருடக் கதை தெரிந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்தேன் என்று எழுத மாட்டேன். புகை, தோசைக் கல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து அந்த விழாவில் இடைவெளிப் பாட்டு கிடையாது. ஒவ்வொரு இடைவெளிக்கும் தோப்பில் ஜாஸ். இரண்டு வருடத்தில் பிள்ளைகளே கேட்டு ஜாஸை ராத்திரிப் பெரிய மேடைக்கு ஏற்றினார்கள், தனி பேஸுக்கு ஆயிரம் பேர் மூச்சுப் பிடித்துக் கேட்டார்கள். புதுச்சேரியிலும் கோவளத்திலும் நம் சங்கத்து ஆட்களே இதைப் பார்த்துச் செய்கிறார்கள். செய்யுங்கள், நான் தடுக்கவில்லை.

இப்போது புத்தகம். தடிமன், வழவழ காகிதம், முழுக்க ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிற என் மருமகள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். ரிஷி எழுதியிருக்கிறான்: உள்ளூர் மைக் செட்காரர் ஒருவர் தவறுதலாகப் பேஸ் வாசிப்பின் நடுவில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார், அந்த வேடிக்கையான விபத்து என்னை யோசிக்க வைத்தது, அமைதியின் அருமை எனக்கு விளங்கியது, தோப்பில் ஜாஸ் என்ற எண்ணம் எனக்கு அப்படித்தான் பிறந்தது. மருமகள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். மேலே படிம்மா என்றேன். மேலே என் பேர் இல்லை. கடைசிப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் கம்பெனி முதற்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அதிலும் இல்லை.

அவனுக்குப் போன் செய்தேன். "உங்கள மறப்பனாண்ணா? உங்க கதைதான் புக்லயே பெஸ்ட்டு. எல்லாரும் அத படிச்சிட்டு சிரிக்கிறாங்க" என்றான். சுவிட்சை அணைத்தது யார் என்று கேட்டேன். "அதெல்லாம் டீம் எஃபர்ட்டுண்ணா" என்றான். அவன் டீம் அன்றைக்கு என் கையைப் பிடித்து இழுத்தது. அதையாவது எழுதியிருக்கலாம்.

மெர்சி மேடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். புத்தகத்துக்குப் பேட்டி எடுத்தவர்களிடம் என் பேரைச் சொன்னதாகவும் அவர்கள் அந்த இடத்தை வெட்டிவிட்டதாகவும் போனில் சொன்னார். இதை எழுதுங்கள் அண்ணாச்சி, என் பேரைச் சாட்சியாகப் போடுங்கள் என்றார். போட்டுவிட்டேன்.

என் மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான். உடு நைனா, பேருல இன்னா கீது என்கிறான். அவனுக்கு அப்பன் பேரில் கடை, லாரியில் அப்பன் பேர், விசிட்டிங் கார்டில் அப்பன் பேர். எனக்கு யார் பேரும் கிடைக்கவில்லை. நானே உண்டாக்கினேன்.

அதனால் ரிஷி, உன் ஆள் யாராவது இந்த மலரைப் படித்து உனக்குச் சொல்லுவான். கேட்டுக்கொள். அந்த வேடிக்கையை எடுத்துவிடு என்று நான் கேட்கவில்லை. பாட்டைப் போட்டவன் நான்தான். அதை யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தில் இரண்டு வரி போடு, என்ன போட வேண்டும் என்று உனக்குச் சிரமம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன்.

மெர்சி வாசித்துக்கொண்டிருந்தபோது பாட்டுப் போட்டவர் செங்கல்பட்டு ஏகாம்பரம். அடுத்த வருடம், போடு என்று எல்லாரும் சொன்னபோது போடாமல் நின்றவரும் அவரே.

முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை விடாதே. இரண்டும் ஒரே கை.